பழைய சீனப் பயணப் பெட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிவப்பு அல்லது கறுப்பு நிறத் தோல் பெட்டி, முன்பக்கம் நடுவில் வட்டமான பித்தளைத் தகடு, இரு பக்கமும் தொங்கும் கைப்பிடி. சீனாவில் சிங் ஆட்சிக் காலத்திலும் (1644–1912) அதற்குப் பிறகு சில பத்தாண்டுகளும் செய்த இத்தகைய பெட்டிகள் இன்று பல நாட்டுப் பழம்பொருள் கடைகளில் கிடைக்கின்றன. வாங்கியவர்களும் வாங்க நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தப் பெட்டியின் அருமை அதன் மேற்பரப்பில் இருக்கிறது. அதைச் சுரண்டிவிட்டு வார்னிஷ் அடித்தால் மிஞ்சுவது நான்கு மெல்லிய பலகைதான்.

சீனப் பயணப் பெட்டி என்று எதைச் சொல்கிறார்கள்?

இந்தப் பெயரில் கடைகளில் மூன்று வகை இருக்கும். முதலாவது, சீனர்கள் தங்களுக்காகச் செய்துகொண்ட உடுப்புப் பெட்டி. மெல்லிய மரப்பலகை, அதன்மேல் தோல், தோலின்மேல் அரக்குப் பூச்சு. இரண்டாவது, தென் சீனாவின் கேன்டன் துறைமுகத்தில் ஐரோப்பிய, அமெரிக்க வணிகர்களுக்கும் கப்பல் தலைவர்களுக்கும் விற்ற கற்பூர மரப் பெட்டி. தோல் போர்த்தி, வண்ணம் பூசி, ஓரமெல்லாம் பித்தளைக் குமிழ் ஆணி அடித்திருக்கும்.

மூன்றாவது கையில் தூக்கிப்போகும் சின்னப் பெட்டி. குவான்பிஷியாங் என்பார்கள். மூடியைத் திறந்தால் ஆழமில்லாத ஒரு தட்டு, முன்பக்கம் இரண்டு கதவு, கதவுக்குப் பின்னால் சிறுசிறு இழுப்பறைகள். சீப்பு, கண்ணாடி, நகை, எழுதுபொருள் எல்லாம் இதில் போகும். இதைப் பூட்டும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். கதவுகளின் மேல்விளிம்பு மூடியின் உள்விளிம்பில் போய் மாட்டிக்கொள்ளும். மூடியைச் சாத்தி ஒரே ஒரு பூட்டுப் போட்டால் போதும், கதவும் இழுப்பறையும் தாமாகவே பூட்டியாயிற்று.

அந்தக் காலத்தில் இவ்வளவு பெட்டியோடு யார் பயணம் போனார்கள்?

முக்கியமாக அரசு அதிகாரிகள். சிங் ஆட்சியில் ஓர் அதிகாரி தன் சொந்த மாகாணத்தில் பதவி வகிக்க முடியாது. உறவுக்காரர்களுக்குச் சலுகை காட்டிவிடுவார் என்பதற்காக வைத்த விதி. ஒரே ஊரில் நெடுங்காலம் விட்டும் வைக்கமாட்டார்கள். ஆகவே அதிகாரி வேலை என்றாலே குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு ஊர் மாறிக்கொண்டே இருப்பதுதான். அடுத்து வணிகர்கள். பிறகு, 1905-ல் நிறுத்தப்படும்வரை நடந்த அரசுத் தேர்வுகளை எழுத மாகாணத் தலைநகருக்கும் பீஜிங்குக்கும் போய்வந்தவர்கள்.

பயணத்தில் பெரும்பகுதி படகில். பீஜிங்கையும் ஹாங்ஜோவையும் இணைக்கும் பெருங்கால்வாய் மட்டுமே சுமார் 1,800 கிலோமீட்டர். தண்ணீர் வழி முடிந்த இடத்தில் சுமை தூக்குபவர்கள் வருவார்கள். காவடித்தண்டின் முனைக்கொரு பெட்டியாகத் தொங்கவிட்டு ஒரே ஆள் சுமப்பார். பெரிய பெட்டியானால் தண்டின் நடுவில் கட்டி இரண்டு பேர் தூக்குவார்கள். பெட்டிகள் பெரும்பாலும் ஜோடியாகச் செய்யப்பட்டதற்கு இந்தச் சுமையின் சமநிலையும் ஒரு காரணம். பலகையை முடிந்தவரை மெல்லிதாக இழைத்ததும் தோளில் ஏறும் பாரத்தை நினைத்துத்தான்.

கல்யாணச் சீர்வரிசையிலும் இதே பெட்டிகள் ஜோடியாக ஊர்வலத்தில் போயின. சிவப்பு நிறமும், ‘மகிழ்ச்சி’ என்ற சீன எழுத்தை இரண்டாக இணைத்த இரட்டை மகிழ்ச்சிச் சின்னமும் இருந்தால் அது சீர்ப் பெட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எல்லாமே கற்பூர மரமா?

இல்லை. கற்பூர மரம் யாங்சே ஆற்றுக்குத் தெற்கே ஜியாங்ஷி, ஃபூஜியன், குவாங்டாங் பகுதிகளிலும் தைவானிலும் வளர்வது. தெற்கத்திப் பெட்டிகளிலும் கேன்டன் ஏற்றுமதிப் பெட்டிகளிலும் அதைத்தான் நிறையப் பார்க்கலாம். வடக்கே செய்தவை பெரும்பாலும் அந்தந்த ஊரில் கிடைத்த பைன் போன்ற மென்மரம். தோலும் அரக்கும் எப்படியும் மரத்தை மூடிவிடும் என்பதால் அதில் குறை ஒன்றும் இல்லை.

கற்பூர மரத்தைத் தேடிப்போனதற்குக் காரணம் பட்டும் கம்பளியும். மரத்துக்குள் இருக்கும் கற்பூரம் உருகாமல் நேரடியாக ஆவியாகும் பொருள். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி தேங்கி நின்று அந்துப்பூச்சியை அண்டவிடாது. நாம் சாமிக்கு ஏற்றும் கற்பூரமும் ஒரு காலத்தில் இந்த மரத்தை வடித்து எடுத்ததுதான். இப்போது பெரும்பாலும் பைன் மரத்து டர்பன்டைனிலிருந்து ஆலையில் தயாராகிறது. இடையில் செல்லுலாய்டு என்ற ஆரம்பகாலப் பிளாஸ்டிக் தயாரிக்க உலகமே கற்பூரத்தைக் கேட்டது. 1899-ல், அப்போது தைவானை ஆண்ட ஜப்பானிய அரசு தைவானின் கற்பூர வணிகத்தைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. அந்தத் தேவைக்கு எவ்வளவு பழமையான காடுகள் பலியாயின என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

மணம் குறைந்துவிட்டது. உள்ளே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா? பாச்சை உருண்டை போடலாமா?

தேய்த்தால் மணம் திரும்பும் என்பது உண்மை. ஆனால் ஆசாரியின் இழைப்புளித் தடம், மையால் எழுதிய எழுத்து, ஒட்டிய காகிதம் எல்லாம் அதோடு போய்விடும். பழைய பெட்டியில் நான் அதைச் செய்யமாட்டேன். பாச்சை உருண்டை கூடவே கூடாது. அதில் இருக்கும் நாப்தலீனும் கற்பூரமும் ஒன்றாக இருந்தால் தனித்தனியே உருகும் வெப்பத்தைவிட மிகக் குறைந்த வெப்பத்திலேயே உருகும். நம் ஊர்ச் சித்திரை வெயிலே அதற்குப் போதும். துணியிலும் மரத்திலும் கறை படிந்துவிடும்.

இரும்பு ஆணி இல்லாமல் பெட்டி எப்படி நிற்கிறது?

மூலைகளைப் பாருங்கள். நல்ல பெட்டியில் டவ்டெயில் மூட்டு இருக்கும். ஒரு பலகையின் விரல்கள் அடுத்த பலகையின் பள்ளங்களுக்குள் விரிந்து உட்கார்ந்திருக்கும். நான்கு பக்கப் பலகைகளிலும் மரத்தின் ரேகை படுக்கைவாக்கில் ஓடும். மரம் ஈரத்தில் விரிவது ரேகைக்குக் குறுக்கேதான். நான்கிலும் ரேகை ஒரே வாக்கில் இருப்பதால் மழைக்காலத்தில் நான்கும் சேர்ந்தே விரியும், வெயிலில் சேர்ந்தே சுருங்கும், மூட்டு பிளக்காது. பலகைகளை இணைக்க ஆணி தேவைப்பட்ட இடத்தில் மூங்கில் ஆணி அடிப்பதும் உண்டு. இரும்பு துருப்பிடித்து மரத்தைக் கறுக்கடிக்கும், மூங்கிலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

தோல் எந்த விலங்கின் தோல்?

பெரும்பாலும் பன்றித் தோல், சிலவற்றில் மாட்டுத் தோல். பூச்சு தேய்ந்த இடத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும். பன்றித் தோலில் மயிர்க்கால் துளைகள் மும்மூன்றாகக் கூடி நிற்கும். மாட்டுத் தோலில் இந்த முக்கூட்டு இருக்காது. தோலை ஈரமாகப் போர்த்திவிட்டால் காயும்போது சுருங்கிப் பலகையை இறுகப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் போர்த்திய பெட்டி படகில் அடிபட்டாலும் பலகை எளிதில் சிதறாது, மழைத் தண்ணீரும் மூட்டுக்குள் இறங்காது.

பூச்சு நம் ஊர் அரக்கா?

இல்லை, அடியோடு வேறு பொருள். நம் அரக்கு ஒரு பூச்சி சுரக்கும் பிசின், சாராயத்தில் கரையும். சீனப் பூச்சு ஒரு மரத்தின் பால். கோடையில் மரப்பட்டையைக் கீறி, கசியும் பாலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பார்கள். ஒரு மரம் ஒரு பருவத்தில் தருவது மிகக் கொஞ்சம். அதைத் துணியில் வடிகட்டி, கிளறி, தண்ணீர்ப் பதத்தைக் குறைத்துப் பயன்படுத்துவார்கள். காய்ந்து இறுகிவிட்டால் சாராயம், தண்ணீர், அமிலம் எதற்கும் எளிதில் அசையாது. ஜெஜியாங் மாகாணத்தில் ஹெமுடு என்ற இடத்தில் மண்ணுக்கடியிலிருந்து எடுத்த சிவப்பு அரக்குக் கிண்ணம் 6,000 ஆண்டுக்கும் மேல் பழையது. அவ்வளவு காலம் ஈரச் சேற்றில் கிடந்தும் நிறம் தெரிகிறது.

இந்தப் பால் காய்வதே விசித்திரம். வெயிலில் வைத்தால் சரியாக இறுகாது. ஈரப்பதம் 70–80 சதவீதம் இருக்கும் அறையில், மிதமான வெப்பத்தில்தான் இறுகும். பாலில் இருக்கும் லாக்கேஸ் என்ற நொதி காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு, அதே பாலில் இருக்கும் உருஷியால் என்ற பொருளின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைக்கிறது. அந்த நொதி வேலை செய்ய ஈரம் வேண்டும். ஆகையால் மெல்லிய பூச்சு ஒன்று போட்டு, ஈர அறையில் வைத்து, இறுகியதும் தேய்த்து மழமழப்பாக்கி, அதன்மேல் அடுத்தது. இதற்கெல்லாம் முன்பே அடித்தளம் போட்டாக வேண்டும். செங்கல் தூள், எலும்புத் தூள் போன்றவற்றை அரக்குப் பாலில் குழைத்து மேடுபள்ளத்தை நிரவுவார்கள். விலை குறைந்த பெட்டியில் அரக்குப் பாலுக்குப் பதிலாகப் பன்றி ரத்தமும் சுண்ணாம்பும். சிவப்புக்குச் சாதிலிங்கம் அல்லது செம்மண் நிறமி. கறுப்புக்கு இரும்பு.

வேலை செய்பவர்களின் கைகளை நினைத்துப் பார்க்க வேண்டும். இறுகாத உருஷியால் தோலில் பட்டால் கொப்புளமும் அரிப்பும் வாரக்கணக்கில் படுத்தும். வண்ணார் துணியில் குறி போட்ட சேங்கொட்டையும் முந்திரி ஓட்டுப் பாலும் இதே தாவரக் குடும்பம்தான். சேங்கொட்டைச் சாறு பட்டுப் புண்ணானவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். இறுகிய பூச்சில் அந்த ஆபத்து இல்லை, பழைய பெட்டியை அச்சமின்றித் தொடலாம். இன்று முந்திரி ஓட்டு எண்ணெயிலிருந்தே அரக்குக்கு மாற்றுப் பூச்சு தயாரிக்கிறார்கள். தொழிலாளிக்கு நல்லது, விலையும் குறைவு. ஆனால் பழைய அரக்கின் ஆழம் அதில் வரவில்லை என்பது என் கருத்து.

பித்தளை வேலையில் எதைப் பார்க்க வேண்டும்?

முன்பக்கத்து வட்டத் தகடு பாதி மூடியிலும் பாதி உடலிலும் இருக்கும். மூடியிலிருந்து மேகவடிவக் கொண்டி தொங்கி, கீழ்த்தகட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் வளையங்களில் உட்காரும். அந்த வளையங்களுக்குள் நீளவாக்கில் பூட்டு நுழையும். சில பெட்டிகளில் தகடு வெள்ளி போல வெளுத்திருக்கும். அது வெள்ளியல்ல, செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த வெண்செம்பு. ஐரோப்பியர்கள் நிக்கலைத் தனி உலோகமாக அறிவதற்கு முன்பே சீனர்கள் இந்தக் கலவையைப் புழங்கினார்கள்.

பழைய வேலையை அடையாளம் காண உள்பக்கம் பாருங்கள். தகடும் கைப்பிடியும் திருகாணியில் நிற்பதில்லை. பித்தளைப் பட்டையை இரண்டாக மடித்துச் செய்த ஆணி ஒன்று துளை வழியே உள்ளே வந்து, இரு கால்களையும் விரித்து மரத்தோடு மரமாகப் படிந்திருக்கும். அந்தக் கால்களின் ஓரம் மரத்தில் பதிந்து பள்ளமாகி, சுற்றிலும் கறுத்திருந்தால் அது நெடுநாள் அங்கேயே இருந்தது என்று அர்த்தம். இழுவையில் ஒரு கால் நெகிழ்ந்தாலும் திரும்ப மடக்கிக்கொள்ளலாம். பயணத்தில் எளிதில் பழுதுபார்க்கக்கூடிய அமைப்பு.

சாவி தொலைந்துவிட்டது. பூட்டை உடைக்கலாமா?

வேண்டாம். பழைய சீனப் பூட்டின் உள்ளமைப்பு மிக எளிது. பூட்டின் தண்டில் வில் தகடுகள் பொருத்தியிருக்கும். தண்டை உள்ளே தள்ளினால் தகடுகள் விரிந்து பின்னால் வரவிடாமல் தடுக்கும். சாவி திருகுவதற்கல்ல, பக்கவாட்டிலிருந்து உள்ளே தள்ளுவதற்கு. அதன் துளைகள் வில் தகடுகளை நெருக்கிப் பிடிக்க, தண்டு மறுபக்கம் வெளியே வந்துவிடும். துளையின் வடிவத்தைப் பார்த்து, தகட்டை வெட்டி, பொறுமையான பூட்டுக்காரர் ஒருவர் புதுச் சாவி செய்துவிடுவார்.

வெளிநாட்டாருக்குச் செய்த பெட்டிகள் எப்படி வந்தன?

1757 முதல் 1842 வரை மேலைநாட்டுக் கப்பல்கள் வணிகம் செய்ய அனுமதிக்கப்பட்ட ஒரே சீனத் துறைமுகம் கேன்டன், இன்றைய குவாங்ஜோ. முதல் அமெரிக்க வணிகக் கப்பல் ‘எம்ப்ரஸ் ஆஃப் சைனா’ நியூயார்க்கிலிருந்து 1784-ல் அங்கே போய்ச் சேர்ந்தது. கப்பல் தலைவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் தங்கள் சொந்தச் சரக்கு ஏற்ற இடம் ஒதுக்குவார்கள். பட்டும் சால்வையும் வாங்கி அடுக்க அவர்களுக்குப் பெட்டி வேண்டும். கேன்டன் கடைக்காரர்கள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் தொகுப்பாகவே செய்து விற்றார்கள். மூடியில் வாங்கியவரின் பெயர் முதலெழுத்துகளைப் பித்தளை ஆணியாலேயே பதித்துக் கொடுத்ததும் உண்டு. அமெரிக்காவில் சேலம் நகரத்துப் பீபாடி எஸ்ஸெக்ஸ் அருங்காட்சியகத்தில் இந்த வணிகத்தின் பொருள்கள் பெரிய அளவில் இருக்கின்றன. 1842-ல் நான்கிங் உடன்படிக்கை ஐந்து துறைமுகங்களைத் திறந்ததும் கேன்டனின் தனியுரிமை முடிந்தது.

நம் கரைக்கும் இதில் பங்குண்டு. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் பல மதராஸில் நங்கூரமிட்ட பிறகே சீனாவுக்குப் போயின. அரக்கைச் செதுக்கி வண்ணம் நிரப்பும் ஒரு சீன வேலைக்கு மேலைநாட்டார் வைத்த பெயரே கோரமண்டல் அரக்கு. செய்தது சீனாவில், சோழமண்டலக் கரை வழியாக ஐரோப்பா போனதால் வந்த பெயர். பழம்பொருள் கடையில் ‘கோரமண்டல்’ என்று எழுதியிருந்தால் தமிழ்நாட்டு வேலை என்று எண்ணிவிட வேண்டாம்.

எங்கள் வீட்டில் டிராகனும் பாய்மரக் கப்பலும் செதுக்கிய பெரிய கற்பூரப் பெட்டி இருக்கிறது. அது எவ்வளவு பழையது?

சிங்கப்பூர், மலேசியாவில் இருந்து வந்தவர்கள் அதிகம் கேட்பது இது. நான்கு பக்கமும் ஆழமாகச் செதுக்கி, மேலே பளபளப்பு வார்னிஷ் அடித்த பெட்டிகள் பெரும்பாலும் 20-ம் நூற்றாண்டில், குறிப்பாக அதன் நடுப்பகுதியில், ஹாங்காங் போன்ற இடங்களில் வெளிநாட்டுச் சந்தைக்காகச் செய்தவை. மரம் நல்ல மரம், மணமும் இருக்கும். பாட்டி புடவை வைத்த பெட்டி என்றால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. பழம்பொருள் என்ற கணக்கில் மட்டும் சேராது.

வயதை எப்படி மதிப்பிடுவது?

எழுத்து இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். மூடியின் உள்ளேயோ அடியிலோ அரசர் ஆட்சியாண்டு எழுதியிருக்கலாம். குவாங்ஷு என்ற அரசரின் ஆட்சி 1875-ல் தொடங்கியது, ஆகவே குவாங்ஷு 10 என்றால் 1884. குடியரசு ஆண்டு என்றால் 1911-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். குடியரசு 15 என்பது 1926. ‘சைனா’ என்று ஆங்கில முத்திரை இருந்தால், அமெரிக்கா 1891 முதல் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியதை நினைவில் வையுங்கள்.

எழுத்து இல்லையென்றால் தேய்மானம்தான் சாட்சி. கை படும் இடம், கயிறு உரசும் இடம், தரையில் உட்காரும் மூலை ஆகியவை அதிகம் தேய்ந்திருக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்ந்த பெட்டியை நான் நம்பமாட்டேன். ஒட்டுப்பலகையோ அசல் துளையில் இயந்திரத் திருகாணியோ தெரிந்தால், ‘200 ஆண்டு பழசு’ என்ற பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

மங்கிவிட்டதே, பாலிஷ் போடலாமா?

கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், போடாதீர்கள். மேலே சொன்ன அத்தனை வேலையும், மரத்துப் பாலும் ஈர அறையும் கொப்புளம் கண்ட கைகளும், உங்கள் நகத்தைவிட மெல்லிய அந்தப் படலத்தில்தான் இருக்கின்றன. உப்புத்தாள் ஒரு மணி நேரத்தில் அதை அழித்துவிடும், திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. பாலியூரித்தேன் வார்னிஷ் அடித்தால் அது மஞ்சளித்து உரியும்போது அரக்கையும் சேர்த்தே உரித்துவரும். தோலுக்கு எண்ணெய் தேய்ப்பதும் தவறு. எண்ணெய் தூசியை இழுக்கும், வெடிப்பு வழியே இறங்கித் தோலைக் கறுக்கச் செய்யும்.

மென்மையான தூரிகையால் தூசி தட்டுங்கள். அதற்குமேல் தேவைப்பட்டால் பழம்பொருள் பராமரிப்பு படித்தவரிடம் காட்டுங்கள். பித்தளையையும் பெட்டியில் இருக்கும்போது பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தப் பசை தகட்டின் ஓரத்தில் வெள்ளையாக உறைந்து அரக்கைக் கெடுக்கும்.

நம் ஊர்த் தட்பவெப்பத்தில் எப்படி வைப்பது?

முதல் எதிரி வெயில். புற ஊதாக் கதிர் பட்ட அரக்கில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழும். பிறகு ஒரு துளி தண்ணீர் பட்டாலும் தடம் நிற்கும். ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். அடுத்தது ஈரமும் வறட்சியும் சட்டென்று மாறுவது. பகலெல்லாம் அணைந்து இரவில் மட்டும் ஓடும் ஏசி அறையைவிட, காற்றோட்டமான சாதாரண அறையே மேல். சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து மரக்கட்டை வைத்து உயர்த்தி, மழைக்காலத்தில் அவ்வப்போது மூடியைத் திறந்து வையுங்கள். கற்பூர மரத்தை நம்பிக் கரையானை மறந்துவிடக் கூடாது. மரத்தை விட்டாலும் தோலையும் உள்காகிதத்துப் பசையையும் பூச்சிகள் தேடி வரும்.

வெளிநாட்டிலிருந்து வாங்கலாமா? இங்கிருந்து கொண்டுபோகலாமா?

சீனாவில் 1911-க்கு முந்தைய கலைப்பொருள்களை நாட்டுக்கு வெளியே எடுத்துச் செல்ல 2007 முதல் தடை இருக்கிறது. அங்கிருந்து ‘சிங் காலத்துப் பெட்டி’ என்று நேராக அனுப்புகிறேன் என்பவரிடம் எச்சரிக்கை தேவை. வெகுகாலம் முன்பே வெளியே வந்தவற்றை, ஆவணத்தோடு விற்பவரிடம் வாங்குவதே நல்லது.

இந்தியாவில் 1972-ம் ஆண்டு தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட கைவினைப் பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. குடும்பத்தோடு வெளிநாடு குடிபெயர்பவர்கள், பெட்டி அதைவிடப் புதியது என்று கருதினால், கிளம்புவதற்கு நிறைய நாள் முன்பே இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டித் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும். விண்ணப்பத்துக்குப் புகைப்படம் எடுக்கும்போது உள்பக்கத்தையும், விரித்து மடித்த அந்தப் பித்தளை ஆணிக் கால்களையும், எழுத்து இருந்தால் அதையும் தனித்தனியே எடுங்கள். வயதைத் தீர்மானிப்பவர்கள் அவற்றைத்தான் பார்ப்பார்கள்.